கவலைக் கிணற்றிலிருந்து மேற்கு வேலி வரை

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகும் சாலையில், கணியம்பாடியைக் கடந்ததும் ஜவ்வாது மலையின் அடிவாரக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் படத் தொடங்கும். அந்தப் பக்கத்தில் என் மனைவியின் தாய்மாமனுக்குச் சொந்தமான பழைய பண்ணை ஒன்று இருக்கிறது. மாமாவின் தாத்தா காலத்தில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கழனியும் கொல்லையும் மாந்தோப்புமாக உருவாக்கப்பட்ட அந்த நிலத்தில் இப்போது பாதிக்கு மேல் பயிர் வைப்பதில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், வேலைக்கு ஆளும் கிடைப்பதில்லை. விற்க மனம் வராத மாமா, மாடு பூட்டி நீர் இறைத்த, கருங்கல் கட்டிய கவலைக் கிணற்றையும், வெல்லம் காய்ச்சிய கொட்டகையையும், களத்துமேட்டையும், கானாற்றங்கரையையும் இருந்தது இருந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்.

அஞ்சல் துறையிலிருந்து 2019-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோது, சர்க்கரை அளவு ஏறியிருப்பதால் தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் காலையில் பண்ணைக்குப் போய் நடந்துவிட்டு வருவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். பறவை பார்க்கும் எண்ணம் எனக்கு அப்போது துளியும் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஒருநாள், மேற்கு வேலியோரம் நடக்கும்போது, முள்ளுக்குள்ளிருந்து யாரோ நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்குவது போல் ‘சக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நின்றேன், அதுவும் நின்றுவிட்டது. நான்கு எட்டு வைத்ததும் மறுபடியும் ‘சக்’. அணில் என்று நினைத்துக்கொண்டேன். பண்ணையில் ஆடு மேய்க்கும் ஆயாவிடம் கேட்டதற்கு, “அது குருவி தம்பி. பனி உழறதுக்கு முன்னால வரும், வெயில் ஏறுனா பூடும். கண்ணுல ஆப்புடாது” என்றார். ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த மாவட்டத்திலேயே வாழ்ந்த எனக்குத் தெரியாத ஒன்று, பள்ளிக்கூடமே போகாத அவருக்குத் தேதிக்கணக்கோடு தெரிந்திருந்தது. அந்தக் குருவியை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம்.

அதைப் பார்ப்பதற்கு எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அதற்கு முக்கால் காரணம் நான் வாங்கிய இருநோக்கி. பெரிதாகக் காட்டினால் நல்லது என்று எண்ணி, 10x50 என்று எழுதியிருந்த கனமான ஒன்றை வாங்கிவிட்டேன். இதில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாம் எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அதே அளவுக்குக் கூடித் தெரியும், பார்க்கும் பரப்பும் பெரும்பாலும் சுருங்கும். வேலிக்குள் பத்தடி தூரத்தில் தாவும் குருவியைத் தேட அது கொஞ்சமும் உதவவில்லை. பிறகு மகன் வாங்கித்தந்த 8x42 வந்தபின்தான் நிலைமை மாறியது.

அதையும் ஆறு வாரம் தப்பாகவே பயன்படுத்தினேன். வலது கண் பக்கம் உள்ள வளையம் எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் ஏதாவது ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது பக்க வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்க வேண்டும். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அதன்பின் நடுச் சக்கரம் மட்டுமே போதும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையங்களை உள்ளே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டுமே தெரியும். இன்னொன்று, பறவை தெரிந்ததும் தலையைக் குனிந்து கருவியைத் தேடக் கூடாது. கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் கவலைக் கிணற்றின் மேடையில் உட்கார்ந்து, எதிரே பனைமரத்தில் இருந்த மைனாவை வைத்துப் பத்து நாள் பழகினேன்.

என் நடைவழி ஒன்றேகால் கிலோமீட்டர்தான். கவலைக் கிணற்றில் தொடங்கி, மாந்தோப்பின் கீழண்டை ஓரமாகப் போய், கானாற்றைக் கடந்து, மேற்கு வேலியைப் பிடித்துக்கொண்டு வடக்கே திரும்பி, களத்துமேட்டில் முடியும். கவலை ஓட்டிய காலத்தில் மாடுகள் முன்னும் பின்னும் நடந்து தேய்த்த சரிவுப் பாதை கிணற்றின் தென்புறத்தில் இன்றும் அப்படியே கிடக்கிறது. மோட்டார் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் அதன் இரு பக்கமும் நொச்சியும் சூரையும் மண்டி, ஒரு பள்ளத்தெரு போல ஆகிவிட்டது. அந்தச் சரிவில் இறங்கி நின்றால் என் தோள் மட்டம் நிலத்தின் மட்டமாகிவிடும். ஆள் உருவம் பாதி மறைவதால் கௌதாரிகள் இருபதடி தூரத்தில் குஞ்சுகளோடு நடந்து போவதைப் பார்க்க முடிகிறது. பறவை பார்ப்பதற்கென்று அரசாங்கமே மறைவிடம் கட்டினாலும் இதைவிடப் பொருத்தமாக அமையாது.

முதல் ஆண்டு நான் செய்த பெரிய தவறு வேகம். சர்க்கரைக்காக நடக்கும் நடை வேறு, பறவைக்காக நடக்கும் நடை வேறு என்பது புரியவே நாளாயிற்று. “இன்னாத்துக்கு இப்டி ஓடற? நின்னாத்தான அது வெளிய வரும்” என்று ஆயா ஒருநாள் சொன்னபின், நடைப்பயிற்சியை மாலையில் ஊரிலேயே முடித்துக்கொண்டு, காலையில் அந்த ஒன்றேகால் கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடக்கத் தொடங்கினேன். ஓரிடத்தில் போய் நின்றால் முதல் ஐந்து நிமிடம் எதுவும் இருக்காது. நம்மைக் கண்டு அடங்கியவை அதன்பின் ஒவ்வொன்றாகத் தம் வேலையைப் பார்க்க வரும்; தையல்சிட்டு முதலில் வரும், சின்னான்கள் அடுத்து வரும், குண்டுகரிச்சான் கடைசியில் இறங்கும். இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூர் வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குச் சாதாரணம், சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் திருப்பித் தருகின்றன. அந்த மாதங்களில் காலை ஐந்தே முக்காலுக்கு வழியில் இருக்க வேண்டும், எட்டு மணிக்குப் பறவைகள் நிழலுக்குள் அடங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் அதற்கு மாறாக, பனி விலகிப் பூச்சிகள் பறக்கத் தொடங்கும் ஏழு மணிக்குமேல்தான் நடமாட்டமே சூடுபிடிக்கும். வழியின் திசையும் முக்கியம். நான் முதலில் களத்துமேட்டில் தொடங்கிக் கிழக்கு நோக்கி முடித்துக்கொண்டிருந்தேன். சூரியன் எதிரில் இருந்ததால் எல்லாப் பறவையும் கருப்பாகவே தெரிந்தது. நடையைத் தலைகீழாக மாற்றி வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டதும், இரண்டு மாதமாகக் ‘கருங்குருவி’ என்று எழுதிவந்த ஒன்று ஊதாத் தேன்சிட்டு என்று தெரிந்தது.

பண்ணையில் பறவை எங்கே இருக்கும் என்று கேட்டால், புதிதாக வருபவர்கள் எல்லாரும் மாந்தோப்பைத்தான் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தோப்பில் மாம்பழச்சிட்டும் வால்காக்கையும் பொன்முதுகு மரங்கொத்தியும், குளிர்காலத்தில் மாங்குயிலும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஓராண்டு நோட்டுப் புத்தகத்தை இடவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பண்ணையில் பார்த்த வகைகளில் பெரும்பகுதி, பயிருக்கும் காசுக்கும் உதவாதவை என்று ஒதுக்கப்பட்ட நான்கு இடங்களில் இருந்தது. அவை பட்டுப்போன பனைகள், கவலைச் சரிவு, கானாற்றங்கரைப் புதர், மேற்கு வேலி.

பட்டுப்போன பனையின் கதையைக் கேளுங்கள். களத்துமேட்டருகே தலை முறிந்த மூன்று பனைகள் நின்றன. சூளைக்கு மரம் வாங்கும் தரகர் ஒருவர் வந்து விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் தற்செயலாக அங்கே இருந்தேன். நடுப் பனையின் பொந்திலிருந்து ஒரு பனங்காடை வெளியே வந்து, சிறகை விரித்து நீலமாக ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போயிற்று. அதற்குக் கீழே இருந்த ஓட்டையில் பச்சைக்கிளி, அதற்கும் கீழே மைனா. பக்கத்துப் பனையின் பிளவில் இரண்டு புள்ளி ஆந்தைகள் பகல் வெளிச்சத்திலேயே எங்களைத் தலையை ஆட்டி ஆட்டி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. பனங்காடையும் கிளியும் தாமாகப் பொந்து குடையும் வல்லமை இல்லாதவை. மரங்கொத்தி குடைந்ததோ உளுத்து விழுந்ததோ, கிடைத்த ஓட்டையில்தான் அவை குடியேற முடியும். உயிருள்ள பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. பட்ட பனைக்கோ பரிந்து பேச ஆளில்லை. மாமா தரகரை அனுப்பிவிட்டார். அதற்குக் காரணம் பறவைகள்மீது அவருக்கிருந்த பாசமா, தரகர் சொன்ன விலை குறைவா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

பறவைகளைக் கண்டுபிடிக்கப் பறவைகளே சொல்லித் தருகின்றன என்பதைத் தவிட்டுக்குருவிகளிடம் கற்றேன். எப்போதும் ஏழெட்டாகத் திரிந்து சருகைக் கிளறும் இந்தக் கூட்டம் ஓயாமல் எதையாவது பேசிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பேச்சு திடீரென்று ஒரே சுருதியில், விடாத கரகரப்பாக மாறினால், எதையோ சூழ்ந்துகொண்டு திட்டுகின்றன என்று பொருள். ஒருமுறை அந்தச் சத்தத்தைப் பின்பற்றிப் போய்ப் புளியமரத்தில் கொம்பன் ஆந்தையைப் பார்த்தேன். இன்னொருமுறை அதே ஆசையில் தலையை மேலே தூக்கிக்கொண்டே நடந்து, சருகுக்குள் சுருண்டிருந்த கண்ணாடி விரியனுக்கு இரண்டடி முன்னால் போய் நின்றேன். குருவிகள் எல்லாம் கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து செருப்பை விட்டு, கணுக்காலை மூடும் காலணிக்கு மாறினேன். வேலிக்குள் கைவிடுவதில்லை. கல்லைப் புரட்டுவதும் இல்லை. விடியுமுன் போகும் நாளில் டார்ச் விளக்கு இல்லாமல் வண்டியை விட்டே இறங்குவதில்லை. எங்கள் பக்கத்துக் கல்லாங்குத்துகளில் சுருட்டை விரியனும் சாதாரணமாக உண்டு.

கைபேசிச் செயலிகளைப் பற்றி என் அனுபவம் கலவையானது. குரலைப் பதிவுசெய்து பெயர் சொல்லும் மெர்லின் செயலி, புதியவர்களுக்குப் பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது சொல்வது ஒரு யூகம், அதைக் கண் உறுதிசெய்ய வேண்டும். ஒருநாள் காலை அது வல்லூறு என்று காட்டியது, பக்கத்திலிருந்த மைனாக்களும் அலறிப் பறந்தன. மேலே பார்த்தால் மின்கம்பியில் இரட்டைவால் கரிச்சான் ஒன்று உட்கார்ந்து, வல்லூற்றின் குரலில் கத்திவிட்டு, மைனாக்கள் விட்டுப்போன இடத்தில் இறங்கி எதையோ கொத்திக்கொண்டிருந்தது. மைனாவும் ஏமாந்தது, செயலியும் ஏமாந்தது.

அதே கைபேசியை வைத்து நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆறுமணிக்குருவி என்று தமிழில் அழகாகப் பெயர் பெற்ற பறவை, வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கோடையில் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னாட்டுக்கு வரும். விடியும்போதும் அந்தி சாயும்போதும் இரண்டே சுரத்தில் கூப்பிடும். 2020 அக்டோபரில் கானாற்றங்கரையில் அதன் குரலைக் கேட்டதும், பதிவுசெய்த குரலைக் கைபேசியில் போட்டு அழைத்தேன். வந்தது. பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கண்ணெதிரில் நின்றது. ஆனால் அது இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடிக் கால்மணி நேரம் புதருக்குப் புதர் ஓடியதைப் பார்த்தபோது, பல இரவுகள் பறந்து களைத்து வந்திருக்கும் பறவையிடம் எவ்வளவு மலிவாக நடந்துகொண்டோம் என்று தோன்றியது. அதன்பின் குரல் போட்டு அழைத்ததில்லை. சருகோரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தால் பத்து நாளில் ஒருநாள் அதுவாகவே வருகிறது.

தரையில் கூடு வைப்பவை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆள்காட்டிக்குக் கூடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. களத்துமேட்டில் சிறு குழி, சுற்றிலும் நாலு பொடிக்கல், நடுவே கல்லைப் போலவே புள்ளி விழுந்த நான்கு முட்டைகள், அவ்வளவுதான். ஒரு மே மாதக் காலையில் இரண்டு ஆள்காட்டிகளும் என் தலைக்குமேல் மாறிமாறிப் பாய்ந்து கத்தியபோது, நல்ல படம் கிடைக்கும் என்று நின்று படமெடுத்துக்கொண்டிருந்தேன். கால் பக்கம் பார்த்தபோது முட்டைக்கும் என் காலணிக்கும் ஒரு சாண்கூட இல்லை. வந்த சுவட்டிலேயே பின்வாங்கினேன். அந்த வெயிலில் தாய் எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெந்துபோகும் அபாயம் உண்டு. பறவை நம்மைப் பார்த்துக் கத்துகிறது என்றால் நாம் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று கொள்வதே சரி.

இனி வேலிக்கு வருகிறேன். ஐந்து மாதம் தேடிய ‘சக்’ குருவியை 2020 மார்ச்சில் ஒருநாள் கண்டேன். ஒரு கோவைக்கொடியின் பின்னாலிருந்து அது அரை நிமிடம் வெளியே நின்றது. கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான உடல், மண்நிறம், புள்ளியோ பட்டையோ எதுவும் இல்லை, கண்ணுக்கு முன்னால் மங்கலான ஒரு வெளிர்கோடு. இவ்வளவுதானா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புத்தகங்களைப் புரட்டி, பதிவுசெய்த குரலையும் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பெயர் பிளித் நாணல் கதிர்க்குருவி என்று தெரிந்துகொண்டேன். பின்லாந்திலிருந்து ரஷ்யா வழியாக மத்திய ஆசியா வரை கோடையில் இனப்பெருக்கம் செய்யும் இந்தக் குருவி, பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள உடலைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இந்தியாவுக்கு வருகிறது. வந்தபின் ஆறேழு மாதங்களைப் பெரும்பாலும் புதரிலும் வேலியிலுமே கழிக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் அத்தனை நாட்டைத் தாண்டி வந்த அது, கணியம்பாடிப் பக்கத்தில் காரைமுள்ளுக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்து நாக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தது.

அந்த வேலி யாரோ திட்டமிட்டு வைத்ததன்று. காரை, களா, சூரை, நொச்சி, கொடுக்காப்புளி, இடையிடையே கள்ளி, மேலே கோவையும் பிரண்டையும் குன்றிமணியும் என்று மூன்று தலைமுறையாகத் தானே அடர்ந்து, எட்டடி அகலத்தில் நின்றது. 2021 நவம்பரில் பெய்த மழையில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை வேலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கானாறும் அதே வாரத்தில் பெருகி மேற்கு வேலியில் இருபதடியை அரித்துக்கொண்டு போயிற்று. அந்த இடைவெளி வழியாகக் காட்டுப்பன்றிகள் புகுந்து, மாமா ஆசையாகப் போட்டிருந்த வேர்க்கடலையை இரண்டே இரவில் உழுதுவிட்டன. அப்போது, இந்த முள்ளையெல்லாம் எடுத்துவிட்டுக் கம்பிவலை போட்டுவிடலாம், நிலத்துக்கும் அளவு சரியாக இருக்கும் என்று யோசனை சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். இரண்டாண்டுகளாக அதே வேலியில் பறவை எண்ணி நோட்டு நிரப்பிக்கொண்டிருந்தவன், கணக்கர் புத்தியில் அதைச் சொன்னேன். 2022 பிப்ரவரியில் பொக்லைன் வந்தது. ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. பிடுங்கிப்போட்ட குவியலில் சின்னான் கூடு ஒன்றையும், தைத்த இலையோடு தையல்சிட்டின் கூடு ஒன்றையும் ஆயா எடுத்துக்காட்டினார். இரண்டும் காலிக்கூடுகள் என்பது மட்டுமே ஆறுதல்.

அந்த அக்டோபரில் ‘சக்’ கேட்கவில்லை. நவம்பரிலும் இல்லை. என் காதுதான் மந்தமாகிவிட்டதோ என்று மகனை அழைத்துப் போய் நிறுத்தினேன், அவனுக்கும் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் இழப்பு அந்த ஒரு குருவியோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. வேலியோரத்தில் தவறாமல் எழுதிவந்த கௌதாரி, மற்றக் கதிர்க்குருவிகள், செம்போத்து, பழுப்புக் கீச்சான் எல்லாம் அந்தப் பக்கத்துப் பத்தியில் வெறுமையாக இருந்தன. கம்பியின்மேல் கரிச்சானும் பஞ்சுருட்டானும் உட்கார்ந்திருந்ததால், பார்வைக்கு அங்கே பறவைகள் குறைந்ததாகவே தோன்றவில்லை. நோட்டு இல்லாவிட்டால் நான் அதை உணர்ந்திருக்கவே மாட்டேன்.

ஆகையால் நோட்டு வைப்பதைப் பற்றி என் கருத்தை அழுத்தியே சொல்கிறேன். புதிய பறவையின் பெயரை மட்டும் எழுதிக்கொள்வது சேகரிப்பவரின் ஆசை. அதில் தப்பில்லை, ஆனால் அது நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எந்த இடத்தில் எத்தனை என்று காகம், மைனா உட்பட எல்லாவற்றையும் எழுத வேண்டும். தேடியும் காணாத பறவைக்குச் சுழியம் போட வேண்டும். நான் தாளில் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறேன். 2015 முதல் ஆண்டுதோறும் நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும், குறைந்தது பதினைந்து நிமிடம் எண்ணிப் பட்டியல் தரலாம். மாட்டுப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டே எண்ணிய பட்டியல்கூட என்னிடம் உண்டு.

மீண்டும் வேலி வைக்கும் வேலையை 2023 ஆடியில் தொடங்கினோம். மாமா என்னை ஒருவார்த்தை திட்டவில்லை, “கம்பி இருக்கட்டும், பன்னிக்கு ஆவும். உள்பக்கமா முள்ளு வெச்சிடு மாப்ள” என்று மட்டும் சொன்னார். நொச்சிப் போத்துகளை முழ நீளத்துக்கு நறுக்கி, மழைக்குப் பின் இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றினோம். நொச்சியை ஆடு கடிக்காது என்பதால் அதுவே முதல் வரிசை. அதற்குப் பின்னால் காரையும் களாவும் கொடுக்காப்புளியும் விதையிலிருந்து வளர்த்து வைத்தோம். கோவையை நாங்கள் நடவில்லை; கம்பியில் உட்கார்ந்த சின்னான்களே எச்சத்தில் விதைத்துவிட்டன. முதல் கோடையில் பாதிக் கன்றுகள் காய்ந்தன, வாரம் ஒருமுறை குடத்தில் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. ஆடியில் மறுபடியும் ஊன்றினோம். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வளாகம் 1955-இல் தொடங்கியபோது மொட்டைக் கரடாக இருந்ததென்றும், அங்கே இயக்குநராக இருந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்சி போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மரம் வைத்து அதைச் சோலையாக்கினார்கள் என்றும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை எண்ணித்தான் காய்ந்த கன்றைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் அடுத்ததை வைத்தேன்.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். புதர் எல்லாம் நல்லது என்று இதைப் படித்துவிட்டு யாரும் வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலத்தை விட்டுவைக்க வேண்டாம். கானாற்றங்கரையில் அது பரவியபோது கீழே ஒரு புல்கூட முளைக்கவில்லை. எனினும் ஒரே நாளில் மொத்தத்தையும் அழிப்பதைவிட, ஒரு பகுதியை எடுத்து அங்கே நாட்டு மரம் தலையெடுத்தபின் அடுத்த பகுதிக்குப் போவதுதான் நல்லது. பொக்லைனை ஒருமுறை நம்பிக் கெட்டவன் சொல்கிறேன்.

பண்ணைக்கு மேலே உள்ள பாறைச் சரிவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஏறுவேன். அங்கே மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற, தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் 1845-இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். அதற்காக வெளியூரிலிருந்து வருபவர்களை மாமா அனுமதிக்கிறார். கூட்டமாக வருவதையும், கல்லெறிந்து புதரைக் கலைப்பதையும் அவர் பொறுத்துக்கொள்வதில்லை. நான்கு பேருக்குமேல் வந்தால் பேச்சுச் சத்தமே பறவைகளை விரட்டிவிடுகிறது என்பது என் கணக்கும்கூட.

கடந்த செப்டம்பரில் புதுவேலி இடுப்புயரத்தைத் தாண்டியது. நொச்சியில் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தையல்சிட்டு தைத்திருந்தது. கௌதாரி ஜோடி ஒன்று அதன் அடியில் மண்குளியல் போடுவதைக் கவலைச் சரிவிலிருந்து பார்த்தேன். இந்தப் பொங்கல் கணக்கெடுப்பன்று காலை ஏழேகாலுக்கு மேற்கு வேலியில் நின்றபோது, ‘சக்’ என்று கேட்டது. ஆயாவும் ஆட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இருவரும் அசையாமல் நின்று கேட்டோம். குரல் எங்கள் வேலியிலிருந்து வரவில்லை. கம்பிக்கு அப்பால், பக்கத்துக் கொல்லைக்காரர் இன்னும் வெட்டாமல் விட்டிருக்கும் காரைப்புதரிலிருந்து வந்தது. நோட்டில் அந்தக் குருவிக்கு நேராக, மேற்கு வேலி என்ற பத்தியில் சுழியம் போட்டு, ‘எல்லைக்கு வெளியே’ என்ற பத்தியில் ஒன்று என்று எழுதினேன்.